டீசல் கார் இன்னும் கட்டுப்படியாகுமா?

கார் வாங்கப் போகிற எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்: பெட்ரோலா, டீசலா? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பதில் சுலபம். ஓட்டம் அதிகமென்றால் டீசல், குறைவென்றால் பெட்ரோல். இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் உருவான காலத்து டீசல் கார் வேறு, இன்று ஷோரூமில் நிற்கும் டீசல் கார் வேறு. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு இன்னொரு கேள்வியையும் இப்போது கேட்டாக வேண்டும்: ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டு நிற்கிறது? என் கணிப்பில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதல் கேள்வி பணத்தைப் பற்றியது. இரண்டாவது, அந்த இன்ஜின் நல்லபடியாக இருக்குமா என்பதைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பானெட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பீய்ச்சிப் பற்ற வைக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் இந்த அமுக்கம் பெரும்பாலும் 10 முதல் 12 மடங்குதான். அதைத் தாண்டினால் பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடித்து இன்ஜினைத் தட்ட ஆரம்பிக்கும். அமுக்கம் கூடக் கூட அதே எரிபொருளிலிருந்து கறக்கும் வேலையும் கூடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் இன்ஜின் காற்று வரும் வழியைப் பாதி அடைத்துக்கொண்டு திணறியபடி ஓடுகிறது. டீசலுக்கு அந்தத் திணறல் பெரும்பாலும் இல்லை. பீய்ச்சும் எரிபொருளைக் குறைத்துக்கொண்டால் போதும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய முதல் வெற்றிகரமான இன்ஜினே, எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் எட்டாத உயரம் அது.

மைலேஜ் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. டீசல் பெட்ரோலைவிடக் கனமான எண்ணெய். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கும் கூடுதலான ஆற்றல் இருக்கிறது. ஆக டீசலின் மைலேஜில் ஒரு பகுதி இன்ஜினின் கெட்டிக்காரத்தனம், மீதி அந்த எண்ணெயின் சரக்கு. கார்பனும் அதற்கேற்பக் கூடுதல்: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்குப் பதில் 20 தரும் டீசல் காரை ஓட்டினால் மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு கூடியதாகத் தோன்றும். கிலோமீட்டருக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு குறைவதோ 12 சதவீதம் அளவுக்குத்தான்.

அந்தக் குறைவை நம்பித்தான் ஐரோப்பா மொத்தமாக டீசல் பக்கம் சாய்ந்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம், எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறை பயணிகள் காருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் டீசல் கார் என்றால் தடதட சத்தம், கரும்புகை, ஏற்றத்தில் மூச்சு வாங்கல். ஆயிரம் பாரைத் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டிய அழுத்தத்தில், ஒரே சுற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை பீய்ச்சும் வித்தை கைவந்ததும் சத்தமும் புகையும் ஒருசேர இறங்கின. புகையின் விசையால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் சேர்ந்துகொள்ள, இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குள்ளேயே (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) முழு இழுவையும் கிடைத்தது. 1998இல் ஐரோப்பியக் கார் நிறுவனங்கள், தங்கள் புதுக் கார்களின் சராசரி கார்பன் வெளியேற்றத்தை 2008க்குள் கிலோமீட்டருக்கு 140 கிராமாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. டீசல்தான் அதற்குக் குறுக்கு வழி. பிரிட்டன் 2001இல் வாகன வரியைக் கார்பன் அளவோடு கட்டிப்போட்டது. பல நாடுகளில் பம்பிலும் டீசலுக்கு வரி குறைவு. 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

இந்த உற்சாகத்தில் கார்பனை மட்டும் எண்ணினார்கள். மனிதர்களின் நுரையீரல் கணக்கில் வரவில்லை. டீசல் எரியும் விதமே இரண்டு அழுக்குகளை உண்டாக்குகிறது. எண்ணெய்த் துளியைச் சுற்றிக் காற்று பற்றாத இடத்தில் கரித்தூள். சூடும் காற்றும் மிகுந்த இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள். ஒன்றைக் குறைக்கப் போனால் இன்னொன்று ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம் சாட்டியது. சோதனைச் சாலையில் நிற்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு, சாலையில் இறங்கியதும் வரம்பைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு கக்கும் மென்பொருள் அதன் டீசல் கார்களில் இருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்களின் பின்னால் கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டிப் பார்த்ததில்தான் முதலில் சந்தேகம் எழுந்தது. உலகம் முழுக்க அந்த மென்பொருள் இருந்த கார்கள் சுமார் 1.1 கோடி என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதற்குப் பின் வந்த மாற்றத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் புது மாடல்களை நிஜச் சாலையில் ஓட்டிப் புகையை அளக்கும் விதி வந்தது. 2000இல் யூரோ 3 என்ற ஐரோப்பியப் புகை விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.50 கிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. 2014இல் வந்த யூரோ 6 அனுமதிப்பது 0.08. அந்த எண்ணைச் சாலையிலும் காட்டியாக வேண்டும் என்ற நிலை வந்ததும், டீசல் கார்கள் உண்மையாகவே சுத்தமாயின. முறையாகப் பராமரிக்கப்படும் புது டீசல் காரின் புகையைப் பழைய டீசல் லாரியின் புகையோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் அந்தச் சுத்தத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சூடு.

புகைக்குழாயில் நடப்பது

இன்றைய டீசல் காரின் புகை வெளியே வருவதற்குள் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையையே கடந்து வருகிறது. கரித்தூளைப் பிடிக்க டிபிஎஃப் என்ற பீங்கான் ஃபில்டர். நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிக்க எஸ்சிஆர் என்ற அமைப்பு. இதற்கு அட்ப்ளூ எனப்படும் யூரியாக் கரைசலைத் தனி டேங்கிலிருந்து பீய்ச்ச வேண்டும். தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா கலந்த கரைசல் அது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்வு வேறு. புகை ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டை எட்டும் வரை அட்ப்ளூவைப் பீய்ச்சிப் பயனில்லை. டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி வரை வேண்டும். டீசல் இன்ஜினின் பெருமையே வெப்பத்தை வீணாக்காமல் வேலையாக மாற்றுவதுதான். அதனால் அதன் புகை பெட்ரோல் புகையைவிடக் குளிர்ச்சி, அது சூடேற எடுக்கும் நேரமும் அதிகம். இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் ஓட்டத்தில் இந்தத் தொழிற்சாலை வேலையே ஆரம்பிக்காது.

இதில் உரிமையாளர்களை அதிகம் வாட்டுவது டிபிஎஃப். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை ஃபில்டர் நிறைந்ததும், அதைச் சுத்தம் செய்யும் வேலையைக் கார் தானாகத் தொடங்கும். எரிப்பு முடியும் தறுவாயில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அது புகையோடு போய் வினையூக்கியில் எரிந்து ஃபில்டரைப் பழுக்கச் சூடாக்கும். டாஷ்போர்டில் இதற்கு விளக்கு எரிய வேண்டும் என்பதில்லை. கவனிப்பவருக்கு மட்டும் அடையாளம் தெரியும்: ஐடிலிங் (கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், திரையில் மைலேஜ் சட்டென்று இறங்கும், சிக்னலில் தானாக அணையும் இன்ஜின் அணையாது. பதினைந்து இருபது நிமிஷம் ஒரே சீராக ஓட்டினால் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அதற்குள் வீடு வந்துவிடுகிறது. ஓட்டுகிறவர் காரை அணைக்கிறார். ரேடியேட்டர் ஃபேன் மட்டும் விடாமல் ஓடுகிறது, பின்பக்கம் ஏதோ தீய்ந்த வாடை. காரில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார். பாதியில் நின்ற வேலையை மறுநாள் கார் மீண்டும் தொடங்கும். மறுநாளும் பள்ளிக்கூட வாசல் வரைதான் ஓட்டம். ஒவ்வொரு முறையும் எரியாமல் போன டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயிலில் கலக்கிறது. சில மாதத்துக்குப் பின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு குறைந்திருக்காது, கூடியிருக்கும்! குச்சியை மூக்கருகில் கொண்டு போனால் டீசல் வாசம். பலர் இதைப் பார்த்து ஆயில் நிறைய இருக்கிறது என்று நிம்மதியடைகிறார்கள். உண்மையில் அந்த ஆயில் நீர்த்துப் போய், பேரிங்குகளையும் டர்போவையும் காக்கும் தெம்பை இழந்துகொண்டிருக்கிறது. அடுத்தது எச்சரிக்கை விளக்கு. அதன் பின் இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். சர்வீஸ் சென்டரில் கணினியை மாட்டிக் கட்டாயமாக எரிக்க வைப்பார்கள். அதிலும் சரியாகாவிட்டால் ஃபில்டரையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு, பல வருஷம் மைலேஜில் மிச்சம் பிடித்ததை ஒரே பில்லில் விழுங்கிவிடும்.

காரில் தயாரிப்புக் குறை ஏதும் இல்லாமலே இத்தனையும் நடக்கும். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் இரண்டு டீசல் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாரம் இரண்டு தடவை நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வருகிறது. இன்னொன்று தினமும் நகருக்குள் பத்துத் தடவை நின்று கிளம்புகிறது. மீட்டரில் ஒரே எண் காட்டினாலும் முதல் கார் பல வருஷம் தொல்லையில்லாமல் ஓடும். இரண்டாவது கார் சீக்கிரமே சர்வீஸ் சென்டரே கதியென்று கிடக்கும். வருஷக் கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவெடுப்பது இதனால்தான் ஆபத்து.

லிட்டரில் ஒரு கணக்கு

பணக் கணக்கைச் சுலபமாகப் போட ஒரு வழி இருக்கிறது. டீசல் காருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைப் பணமாக எண்ணாமல், அந்தப் பணத்துக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாம் என்று எண்ணுங்கள். எந்த நாட்டுக்கும் எந்த விலைவாசிக்கும் இது பொருந்தும்.

கூடுதல் விலை 1,500 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காரின் மைலேஜ் 15, டீசல் காருக்கு 20. நூறு கிலோமீட்டருக்கு ஒன்று 6.7 லிட்டர் குடிக்கும், மற்றொன்று 5. இரண்டுக்கும் லிட்டர் விலை ஒன்றே என்றால், வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் மிச்சம் பிடிப்பது 167 லிட்டர். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷம். வருஷம் 25,000 ஓட்டுகிறவருக்கு மூன்றரை வருஷம் போதும். டீசல் பத்து சதவீதம் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் முதலாமவருக்கு ஏழு வருஷமாகக் குறையும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் டீசல்தான் விலை கூடுதல். பத்து சதவீதம் கூடுதலென்றால் முதலாமவருக்குப் பதின்மூன்று வருஷம் ஆகும், இரண்டாமவருக்கே ஐந்து. இதில் அட்ப்ளூ செலவும் (ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், சில கார்களில் அதற்கும் மேல்), விலை கூடிய ஆயிலும், கூடுதல் இன்சூரன்ஸும் சேரவில்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விடை நீங்கள் காரை வைத்துக்கொள்ளப் போகும் காலத்தில் பாதிக்குள் வந்தால்தான் கட்டுப்படி என்பேன். பின்பாதியில் வரப்போகும் டர்போ, இன்ஜெக்டர், ஃபில்டர் செலவுகளுக்கு அந்த மிச்சம் வேண்டும்.

சின்ன டீசல் கார்கள் காணாமல் போனதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. காரின் அளவு பாதியானால் ஃபில்டர், அட்ப்ளூ டேங்க், உணரிகள் எல்லாவற்றின் விலையும் பாதியாவதில்லை. பெரிய எஸ்யூவியின் விலைக்குள் அது கரைந்துவிடும். சின்னக் காரில் துருத்திக்கொண்டு நிற்கும். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் 2003இல் வந்து ஃபியட், ஓப்பல், சுசுகி, டாடா என்று எத்தனையோ கார்களில் ஓடிய இன்ஜின். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி சுசுகி டீசலையே கைவிட்டது. போர்ஷே 2018இல் விலகிக்கொண்டது. வோல்வோவின் கடைசி டீசல் கார் 2024இன் தொடக்கத்தில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதே 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதுக் கார்களில் டீசலின் பங்கு சுமார் 12 சதவீதம்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் இப்போது டீசலைப் போலவே கீழ் ஆர்பிஎம்மில் இழுக்கின்றன. அதைவிடப் பெரிய போட்டி, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். 2015இல் வெளிவந்த புதிய பிரியஸ் ஹைபிரிட் காரின் பெட்ரோல் இன்ஜின் உச்சத்தில் 40 சதவீதச் செயல்திறனை எட்டுவதாக டொயோட்டா அறிவித்தது. ஒரு காலத்தில் டீசலுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த எல்லை அது. நகர நெரிசலில் பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலையும் ஹைபிரிட் திரும்பப் பிடித்துக்கொள்வதால், டீசல் தடுமாறும் அதே இடத்தில்தான் அது சிறக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அந்த நன்மை சுருங்கிவிடும். அங்கே டீசல் இன்னும் தலை நிமிர்ந்து நிற்கிறது. வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதியுள்ளவருக்கு, நகர ஓட்டத்துக்கு மின்சாரக் காரை விட்டுவிட்டு டீசல் வாங்கச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அப்படியானால் யாருக்கு டீசல்? ஏழு பேரும் சாமானுமாக மலை ஏறுகிறவர்களுக்கு. டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு, பாரம் ஏறினால் மின்சாரக் காரின் தூரம் கடுமையாகச் சரிகிறது, பெட்ரோல் காரின் மைலேஜும் அடி வாங்குகிறது, டீசல்தான் குறைவாக இறங்குகிறது. ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்கிறவர்களுக்கு. சார்ஜர் எங்கே இருக்கும் என்று தெரியாத வழிகளில் போகிறவர்களுக்கு. இவர்களிடம் டீசல் காலாவதியாகிவிட்டது என்று சொல்வது அவர்கள் தேவையைப் புரிந்துகொள்ளாத பேச்சு. அவர்கள் தயக்கமில்லாமல் வாங்கலாம், ஒரு விஷயத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு: அவர்கள் போகிற நகரங்களின் விதி.

இந்த விதிகள் டீசலைப் பெட்ரோலைவிடக் கடுமையாக நடத்துகின்றன. லண்டனின் குறைபுகை மண்டலத்தில் 2019 முதல் பெட்ரோல் காருக்கு யூரோ 4 போதும், டீசலுக்கு யூரோ 6 வேண்டும். 2023 ஆகஸ்டில் அந்த மண்டலம் நகரம் முழுவதற்கும் விரிந்தது. விளைவு, 2007இல் வாங்கிய பெட்ரோல் கார் கட்டணமில்லாமல் போக, 2012இல் வாங்கிய டீசல் கார் நாள்தோறும் 12.50 பவுண்டு கட்டுகிறது. ஜெர்மனியில் நகரங்கள் பழைய டீசலைத் தடுக்கலாம் என்று உச்ச நிர்வாக நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மே மாதமே ஹாம்பர்க் இரண்டு சாலைகளில் தடை போட்டது. டில்லி வட்டாரத்தில் பத்து வயதான டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து வயதான பெட்ரோல் வண்டிகளுக்கும் எதிராகப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள் வந்தன. வாங்கும்போது இல்லாத விதி, விற்கும்போது வந்து நிற்கலாம். மறுவிற்பனை விலையைப் பழைய அனுபவத்தை வைத்துக் கணக்கிடுவது சரிவராது.

பழைய டீசல் கார் வாங்குகிறவர்கள் சர்வீஸ் ரசீதுகளில் ஆயிலின் தரத்தைப் பார்க்க வேண்டும். டிபிஎஃப்புக்கென்று சாம்பல் குறைந்த ஆயில் உண்டு. வேறு ஆயில் ஊற்றினால் அதன் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும், கரியைப் போல் எரியாது. இன்ஜின் ஆறிய பின் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் விரலில் ஏறக்குறைய எதுவும் ஒட்டாது. கன்னங்கரேல் என்று வந்தால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கிறது அல்லது யாரோ உள்ளே இருந்ததை நொறுக்கி எடுத்துவிட்டார்கள்.

அப்படி எடுத்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மைலேஜ் கூடும், தொல்லை தீரும் என்பார்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும், அந்தக் காரின் பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளை சுவாசிப்பது, புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கும் அதே புகைதான். ஏற்கெனவே டீசல் கார் வைத்திருப்பவர் அதை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுங்கள். ஃபேன் ஓடி, ஐடிலிங் தூக்கி, தீய்ந்த வாடை வந்தால் அணைக்காமல் இன்னும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மாதம் ஒரு முறை ஆயில் குச்சியைப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், சர்வீஸ் தேதி வரும் வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.